துக்காராம்: தேஹு சந்தைக் கடைக்காரர்

மராட்டிய தேசத்தில், புனே பட்டணத்துக்கு வடமேற்கே, இந்திராயணி ஆற்றின் கரையில் தேஹு என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்ச் சந்தையில் தானியமும் பலசரக்கும் விற்று, கொடுக்கல் வாங்கல் செய்து, மனைவி மக்களோடு வாழ்ந்து, பஞ்சத்தில் பாதிக் குடும்பத்தைப் பறிகொடுத்தவர் துக்காராம். நாராயணரைப் பண்டரிபுரத்து விட்டலராகக் கண்டு பாடிய அடியார் என்று அன்புக்கொடி மக்கள் பலரும் அவரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் அந்நாட்டுக் கீர்த்தன முறை தமிழ் நாட்டுக்கு வந்தது. அதோடு அவர் பாட்டும் பஜனை மடங்களுக்கு வந்து சேர்ந்தது. 1938இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாக நடித்துத் தமிழில் ஒரு படமும் வெளிவந்தது. ஆனால் தாளம் பிடித்த துக்காராமை அறிந்த அளவுக்குத் தராசு பிடித்த துக்காராமை அறிந்தவர்கள் குறைவு.

அவர் பிறந்தது 1608ஆம் ஆண்டையொட்டி. தகப்பனார் போல்ஹோபா, தாயார் கனகாயி. மூத்தவர் சாவ்ஜி, இளையவர் கான்ஹோபா, நடுப்பிள்ளை துக்காராம். குன்பி என்னும் உழவர் குலம். நிலமும் இருந்தது, சந்தையில் மகாஜன் என்ற உரிமையும் வழிவழியாக இருந்தது. ஆனாலும் அந்நாளைய சாதிக் கணக்கில் அவர்கள் சூத்திரர்கள்தாம். வேதம் ஓத உரிமையில்லை. சாஸ்திரத்துக்குப் பொருள் சொல்ல உரிமையில்லை. கடைக்கணக்கு எழுதப் படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வீட்டில் முன்னோர் வைத்து வழிபட்ட விட்டலர் கோயில் ஒன்று உண்டு. ஆஷாட ஏகாதசிக்கும் கார்த்திகை ஏகாதசிக்கும் பண்டரிபுரத்துக்கு நடந்து போய் வருவது அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம்.

மூத்த பிள்ளை சாவ்ஜிக்கு உலக காரியத்தில் மனம் ஒட்டவில்லை. ஆகவே துக்காராமுக்குப் பதின்மூன்று வயது ஆகும்போதே தகப்பனார் அவரைக் கடையில் உட்கார வைத்தார். பையன் கெட்டிக்காரன். எதை எப்போது கொள்முதல் செய்வது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பதெல்லாம் விரைவில் பிடிபட்டது. முதலில் ரக்மா என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். அந்த அம்மாளுக்கு இளைப்பு நோய். அதனால் புனேயில் வட்டிக்கடை வைத்திருந்த அப்பாஜி குள்வே என்பவரின் மகள் ஜீஜாபாயையும் மணமுடித்தார்கள். பெற்றோர், அண்ணன், மதினி, தம்பி, இரண்டு மனைவியர், ஒரு மகன் என்று வீடு நிறைந்திருந்தது.

பதினேழாம் வயதில் தகப்பனார் காலமானார். தாயாரும் போனார். அடுத்து மதினி இறந்தாள். மனைவியை இழந்த சாவ்ஜி தீர்த்த யாத்திரை என்று புறப்பட்டுப் போய்விட்டார். பாரம் முழுதும் இருபது வயது ஆகாத நடுப்பிள்ளையின் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பஞ்சம். 1630, 1631 ஆண்டுகளில் தக்காணத்திலும் குஜராத்திலும் மழை பொய்த்தது. ஆடுமாடுகள் மடிந்தன. ஊர் ஊராக மக்கள் கிளம்பிப் போனார்கள். அப்படிப்பட்ட காலம் தானிய வியாபாரிக்குக் கொள்ளை லாபம் தரும் காலம் என்பது உலகம் அறிந்தது. குதிரில் இருப்பதைப் பூட்டி வைத்து, விலை ஏற ஏறத் திறந்து விற்றவர்கள் எந்த நாட்டுப் பஞ்சத்திலும் உண்டு. துக்காராமின் வீட்டில் நடந்ததோ வேறு. ரக்மா சோறு சோறு என்று கேட்டே உயிர் விட்டாள். மகன் சாந்துவும் போனான். தானியக் கடைக்காரரின் மனைவி பசியால் செத்தாள். இதை யாரோ புனைந்த கதை என்று தள்ள முடியாது. வியாபாரம் நொடித்ததையும், ஊரில் மானம் போனதையும், மனைவி பசியால் மாண்டதையும் துக்காராமே தம் பாட்டில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அதன்பின் கடை எழவில்லை. பொதிமாட்டின்மேல் உப்பும் மிளகாயும் ஏற்றி ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அடியார்கள் சரிதையை எழுதிய மகிபதி என்பவர் இந்த நாட்களைப் பற்றிப் பல கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கொங்கணத்துக்கு மிளகாய் கொண்டுபோனாராம்; வாங்க வந்தவர்களையே அளந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்; ஆளுக்கு ஆள் அள்ளிக்கொண்டு போனார்களாம். பொன் பூசிய பித்தளைக் காப்பைத் தங்கம் என்று நம்பி வாங்கி ஏமாந்தாராம். ஜீஜாபாய் தன் பேரில் இருநூறு ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்து அனுப்ப, அதற்கு ஐம்பது ரூபாய் லாபமும் சம்பாதித்துத் திரும்புகிற வழியில், கடனுக்காகப் பிடிபட்டு அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு ஏழையை மீட்க முதலையும் லாபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாராம். இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அந்த இருநூறு ரூபாய்க்கு ஜாமீன் நின்ற பெண்ணின் நிலையை நினைத்தால் சிரிப்பு வராது.

மனம் உடைந்து, ஊருக்குச் சற்று எட்டத்தில் இருக்கும் பாம்நாத் மலையில் ஏறித் தனியே இருந்தார். பதினைந்து நாள் என்பார்கள். தம்பி கான்ஹோபா காடு மேடெல்லாம் தேடிக் கண்டுபிடித்தார். இருவரும் இறங்கி இந்திராயணிக் கரைக்கு வந்தார்கள். அங்கேதான் துக்காராமின் வாழ்க்கையில் எல்லாவற்றிலும் பெரிய காரியம் நடந்தது. வீட்டில் இருந்த கடன்சீட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். தகப்பனார் காலம் முதல் ஊராருக்குக் கொடுத்த கடனுக்கான சீட்டுகள் அவை. குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த முதல் என்றால் அதுதான். அவற்றைச் சரிபாதியாகப் பிரித்தார். ஒரு பாதியைத் தம்பி கையில் கொடுத்தார். தம் பங்கை ஆற்றில் விட்டார்.

அன்பர்களே, அந்தச் சீட்டு என்றால் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பஞ்சம் முடிந்து மழை பெய்கிறது. உழவன் விதைக்க வேண்டும். விளைவதற்கு முன்பே பழைய கடனுக்கு ஆள் வருகிறான். கொடுக்க ஒன்றும் இல்லாதவனிடம் ஏர் போகும், மாடு போகும், கடைசியில் நிலமே போகும். பஞ்சத்தில் பிழைத்தவனைக் கடன் கொல்லும். தேஹுவில் எத்தனையோ வீடுகளில் அந்த ஆண்டு அந்தப் பயம் இருந்திருக்கும். துக்காராமின் பங்கில் கடன்பட்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் அது நீங்கியது.

தம்பிக்குப் பாதியைக் கொடுத்ததைச் சிலர் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். துக்காராமின் தர்மத்தை அளக்க அந்தப் பாதிதான் சரியான படி. பக்தி மேலீட்டால் எல்லாவற்றையும் அள்ளி ஆற்றில் போட்டிருந்தால் ஊரார் இன்னும் பெரிதாகப் புகழ்ந்திருப்பார்கள். ஆனால் கான்ஹோபாவுக்கும் குடும்பம் உண்டு, அவர் துறவு கொள்ளவில்லை, அவர் பங்கைத் தானம் செய்ய அண்ணனுக்கு உரிமை இல்லை. பிறர் பொருளை எடுத்துத் தர்மம் செய்யக்கூடாது என்பது நல்ல வியாபாரிக்குத் தெரியும். பேரேடு எழுதிப் பழகிய கை கடைசிக் கணக்கையும் பிசகில்லாமல் முடித்தது.

ஆற்றில் சீட்டை விட்ட பிறகும் அவர் வீட்டைவிட்டு ஓடவில்லை. இடிந்து கிடந்த விட்டலர் கோயிலைத் தாமே மண் குழைத்துச் சுவர் எழுப்பிக் கட்டினார். ஏகாதசி இரவுகளில் அங்கே கீர்த்தனம் நடத்தினார். ஆரம்பத்தில் அவருக்குப் பாடத் தெரியாது. ஞானேசுவரர், நாமதேவர், ஏகநாதர், கபீர் ஆகியோருடைய பாட்டுகளில் சிலவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, முன்னால் நின்று பாடுபவருக்குப் பின்பாட்டுப் பாடினார். பகலில் ஊர் வேலை. பாரம் சுமந்து வருபவரின் சுமையை வாங்கிக்கொள்வார். நடக்க முடியாத கிழவிக்குக் கடையில் எண்ணெய் வாங்கிக் கொடுப்பார். விடிகாலையில் பண்டாரா மலையில் ஏறித் தனித்திருப்பார்.

மலைக்குச் சோறு கொண்டுபோவது ஜீஜாபாயின் வேலை. புருஷனைத் தேடிக் கல்லிலும் முள்ளிலும் நடந்து, அவர் சாப்பிட்ட பிறகே தான் சாப்பிடுவாள். அந்த அம்மாளைக் கதைகளில் கடுஞ்சொல்காரி என்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. விட்டலரையே கரியவன் என்று திட்டுவாளாம், தன் குடியைக் கெடுத்தவன் அவன்தான் என்பாளாம். கரும்புக் கதை எல்லோருக்கும் தெரியும். யாரோ அன்பாகக் கொடுத்த கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு துக்காராம் வருகிறார். வழியில் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வீடு வந்து சேரும்போது கையில் ஒரே ஒரு கரும்பு. கோபத்தில் அவள் அதை வாங்கி அவர் முதுகில் அடிக்க, அது இரண்டாக ஒடிந்தது. உனக்கொன்று எனக்கொன்று என்று பிரிக்கிற வேலையை நீயே முடித்துவிட்டாயே என்று அவர் சிரித்தாராம். துக்காராமின் பொறுமைக்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பணக்கார வீட்டில் பிறந்து, மூத்தாள் பசியில் சாவதைக் கண்ணால் கண்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடிய பெண் அவள். அவள் பட்ட பாட்டில்தான் அவர் பாட்டு வளர்ந்தது.

நாமதேவர் கனவில் வந்து, தாம் பாடி முடிக்காமல் விட்டதைப் பாடச் சொன்னதாகத் துக்காராமே சொல்லியிருக்கிறார். நாமதேவர் தையல் தொழில் செய்த குலத்தவர், அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர். பாபாஜி சைதன்யர் என்ற குருவும் கனவில் தோன்றி ராம கிருஷ்ண ஹரி என்ற நாமத்தை உபதேசித்தார். அன்று தொடங்கிய அபங்கங்கள் நாலாயிரத்துக்கும் மேல் இன்று கிடைக்கின்றன. சந்தைப் பேச்சு மொழி. சொல்லச் சொல்ல எழுதிவைத்தவர்களில் ஒருவர் சாகன் ஊரைச் சேர்ந்த சந்தாஜி ஜக்நாடே. அவர் செக்காட்டும் வாணியர்.

கடைக்காரர் பாட, செக்கார் எழுத, உழவர் கூடிக் கேட்கிறார்கள். இது எல்லோருக்கும் பிடிக்குமா? வாகோலி ஊரைச் சேர்ந்த ராமேசுவர பட்டர் என்ற படித்த பிராமணர், சூத்திரன் வாயிலிருந்து வேதப் பொருள் வருவது முறையில்லை என்று குற்றம் சாட்டினார். துக்காராம் எதிர்த்து வழக்காடவில்லை. எழுதியதை என்ன செய்வது என்று கேட்டார். ஆற்றில் போட்டுவிடு என்று தீர்ப்பு வந்தது.

சுவடிகளைக் கட்டி, கல்லைச் சேர்த்து, இந்திராயணியில் இறக்கினார்கள். முன்பு கடன்சீட்டுகளை வாங்கிக்கொண்ட அதே ஆறு. அப்போது அவராக விட்டார், இப்போது விட வைத்தார்கள். அகிலத் திருஏட்டைக் கண்போலக் காத்து, தலைமேல் வைத்து எடுத்துவந்து வாசிக்கும் மக்களுக்கு, ஏடு நீரில் போவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஊரில் கேலி பேசியவர்களும் இருந்தார்கள். முதலில் சீட்டைப் போட்டு இம்மையை இழந்தான், இப்போது ஏட்டைப் போட்டு மறுமையையும் இழந்தான் என்றார்களாம்.

துக்காராம் ஆற்றங்கரையில் ஒரு பாறைமேல் கிடந்தார். அன்னமில்லை, தண்ணீரில்லை. பதின்மூன்று நாள். பதின்மூன்றாம் நாள் சுவடிகள் நனையாமல் நீரின்மேல் மிதந்து வந்தன என்பது அடியார்களின் நம்பிக்கை. துக்காராமும் விட்டலர் தம் ஏட்டைக் காத்ததாகப் பாடி, அற்ப காரியத்துக்காகச் சுவாமியைத் தொந்தரவு செய்துவிட்டேனே என்று வருந்தியிருக்கிறார். அதற்குள் அந்தப் பாட்டுகள் எத்தனையோ பேர் வாயில் குடியேறியிருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. ஏட்டை மூழ்கடிக்கலாம், களையெடுக்கும்போதும் திரிகை சுற்றும்போதும் பாடுகிறவர்களை என்ன செய்ய முடியும்? ராமேசுவர பட்டரே பின்னாளில் துக்காராமைப் பணிந்து அவருடைய அடியாராகி, அவரைப் போற்றிப் பாடினார்.

தேஹுவிலேயே மம்பாஜி என்றொரு மடத்துக்காரர் இருந்தார். துக்காராமின் வீட்டு எருமை அவர் தோட்டத்தில் மேய்ந்தது, கோயிலுக்கு வருபவர்கள் நடக்க வேலி முள்ளைத் துக்காராம் ஒதுக்கிவைத்தார் என்று காரணம் காட்டி, அந்த முட்கொம்பாலேயே அவரை அடித்தார். அன்று இரவு கீர்த்தனத்துக்கு மம்பாஜி வரவில்லை. துக்காராம் நேரே அவர் இருப்பிடத்துக்குப் போய், அடித்து அடித்துக் கை வலித்திருக்குமே என்று பிடித்துவிட்டுக் கூப்பிட்டு வந்தாராம்.

பஹிணாபாய் என்ற பிராமணப் பெண் துக்காராமின் பாட்டைக் கேட்டு அவரையே குருவாக வரித்தாள். சூத்திரனைக் குரு என்பதா என்று கணவன் அடித்தும் அவள் மாறவில்லை. பின்பு குடும்பத்தோடு தேஹுவுக்கு வந்து தங்கி, தன் வாழ்க்கையைத் தானே பாட்டாக எழுதிவைத்தாள். துக்காராமைக் கண்ணால் கண்டவரின் சாட்சி அது.

இளைஞராயிருந்த சிவாஜி பொன்னும் பொருளும் அனுப்பியதாகவும் துக்காராம் திருப்பி அனுப்பியதாகவும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு உதவுமே என்று ஜீஜாபாய் நினைத்திருந்தால் அதில் குற்றமில்லை.

காசி, பாகீரதி, கங்கா என்று மூன்று பெண்கள். மகாதேவ், விட்டோபா என்று இரண்டு ஆண்கள். பெண்களுக்கு வயது வந்தபோது ஜீஜாபாய் நச்சரிக்க, அவர் தெருவில் இறங்கி, விளையாடிக்கொண்டிருந்த தம் குலத்துப் பையன்களில் மூன்று பேரைக் கூட்டிவந்து, மஞ்சளும் அட்சதையும் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார் என்பது ஊர்க்கதை. சீர் இல்லை, செலவு இல்லை. பையன்களின் பெற்றோர் பிறகு வந்து மகிழ்ச்சியோடு விருந்து வைத்தார்களாம்.

1650ஆம் ஆண்டு பங்குனித் தேய்பிறைத் துவிதியை. கீர்த்தனம் நடந்துகொண்டிருக்கும்போதே துக்காராம் உடலோடு வைகுண்டம் போனார் என்று வார்கரி அடியார்கள் நம்புகிறார்கள். கருட வாகனம் வந்ததாகப் படங்களில் எழுதுவார்கள். தேஹுவில் இன்றும் அந்த நாள் துக்காராம் பீஜ் என்று கொண்டாடப்படுகிறது. புறப்படுமுன் மனைவியையும் கூப்பிட்டதாகவும், எருமையைக் கவனிக்க வேண்டும், வீட்டு வேலை கிடக்கிறது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அவள் வர மறுத்ததாகவும் ஒரு வழக்கு உண்டு. வைகுண்டத்தை விட்டுவிட்டாளே என்று இரங்குபவர்கள் உண்டு. ஆனால் அவள் இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

வயிற்றிலிருந்த பிள்ளை ஆண். தகப்பனார் முகம் காணாத அவனுக்கு நாராயணன் என்று பேர் வைத்தாள். அந்த நாராயணன் வளர்ந்து ஆளானபின், 1685ஆம் ஆண்டில், தகப்பனாரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, ஆளந்தியில் ஞானேசுவரரின் பாதுகைகளையும் சேர்த்துக்கொண்டு, அடியார் கூட்டத்தோடு பண்டரிபுரத்துக்கு நடந்தார். இப்போது இரண்டு பல்லக்குகளும் தனித்தனியே போகின்றன. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாகத் தேஹுவிலிருந்து பல்லக்கு கிளம்புகிறது. உழவரும் கூலிக்காரரும் கடைக்காரரும் வரிசையாக அதன் பின்னே நடக்கிறார்கள். வழிநெடுக ஊரார் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள்.